விறகுக் கணப்புக்குள் இன்செர்ட் வைக்கும்போது தரையைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல் கணப்பின் குழிக்குள் செருகி வைக்கும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகடுப்பைத்தான் இன்செர்ட் என்கிறோம். வாங்க முடிவு செய்தவர்கள் புகைபோக்கியைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள், அடுப்பின் அளவைப் பற்றி விற்பவரோடு வாதாடுகிறார்கள். தரையைப் பற்றிய நினைப்பு அடுப்பு வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் வருகிறது. அந்த நேரத்தில் வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பல வருடமாகத் திறந்த நெருப்பு எரிந்த கணப்புதானே? இன்செர்ட் வைத்தால் தரைக்குப் புதிதாக என்ன ஆபத்து?

நெருப்பு இடம் மாறுகிறது. பழைய கணப்பில் விறகு குழியின் உள்ளே, பின்சுவரை ஒட்டி எரிந்தது. வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விட்டது. இன்செர்ட்டில் எரியும் பெட்டி முன்னுக்கு வந்துவிடும். சில மாடல்கள் சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்கும். சில மாடல்கள் ஒரு சாண் அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கணப்புக்கு முன்னால் 45 செ.மீ. கல்தளம் இருக்கிறது என்று வையுங்கள். அடுப்பு 20 செ.மீ. வெளியே வந்தால், கதவுக்கு முன்னால் மிஞ்சுவது 25 செ.மீ. கல்தளம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்டப் பாதிக் காப்பு போய்விட்டது.

எரியும் நேரமும் கூடுகிறது. திறந்த நெருப்பை மாலையில் மூட்டி, தூங்கப் போகுமுன் அணைய விட்டிருப்பீர்கள். இன்செர்ட்டை வாங்குவதே இரவு முழுக்க எரிய வைக்கத்தான். பெரிய கண்ணாடிக் கதவு வழியாகக் கதிர்வீச்சு வெப்பம் முன்தரையின் மேல் மணிக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். பழைய நெருப்பைத் தாங்கிய தளம் என்பதால் புதிய அடுப்பையும் தாங்கிவிடும் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கங்குக் காப்பு, வெப்பக் காப்பு என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தரை விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகிறது.

கங்குக் காப்பு என்றால், கதவைத் திறந்து விறகு போடும்போது உருண்டு விழும் கங்கையும் தெறிக்கும் பொறியையும் தாங்கும் மேற்பரப்பு. அது எரியாத பொருளாக இருக்க வேண்டும், இடையில் சந்து இருக்கக் கூடாது. அவ்வளவு போதும். இரும்புத் தகடு, டைல்ஸ், கல், தடித்த கண்ணாடி எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

வெப்பக் காப்பு வேறு கதை. மேலே விழும் சூடு கீழே இருக்கும் ப்ளைவுட்டையும் மர விட்டத்தையும் சென்று சேராமல் தடுக்க வேண்டும். டைல்ஸும் இரும்பும் சூட்டைத் தடுப்பவை அல்ல, கடத்துபவை. தோசைக்கல் மேல் தகரத்தை வைத்தால் தகரமும் சுடத்தானே செய்யும்? ப்ளைவுட் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டு "தரை இப்போது கல்தரை" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். மேலே கல், அடியில் இன்னும் மரம்தான்.

மரம் சட்டென்று தீப்பற்ற ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டிலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெந்துகொண்டே இருந்தால் மரத்தின் உள்ளமைப்பு மாறும். முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். கருகிய மரம் புதிய மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். "பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் பதினோராவது குளிர்காலத்தில் தீப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டைல்ஸுக்கு அடியில் நடப்பது யார் கண்ணிலும் படாது.

உங்கள் அடுப்புக்கு எது தேவை என்பதை அடுப்பின் கையேடு சொல்லும். "கங்குக் காப்பு போதும்" என்று சோதித்துச் சான்று பெற்ற மாடல்கள் உண்டு. குறிப்பிட்ட அளவு வெப்பக் காப்பு கட்டாயம் என்று சொல்லும் மாடல்களும் உண்டு. வாங்குவதற்கு முன்பே கையேட்டை இறக்கிப் படியுங்கள். தரையை உடைத்துத் திரும்பக் கட்டும் செலவைவிட வேறு மாடலைத் தேர்ந்தெடுப்பது பல நேரம் மலிவு.

கதவுக்கு முன்னால் எவ்வளவு தூரம் காப்பு வேண்டும்?

முதல் பதில் கையேடு, அடுத்தது உங்கள் நாட்டு விதி. இரண்டில் எது கடுமையானதோ அதைப் பின்பற்றுங்கள்.

ஒரு கணக்குக்காகச் சில எண்கள். அமெரிக்கச் சந்தைக்கான கையேடுகளில் விறகு போடும் வாய்க்கு முன்னால் 16 அங்குலம், அதாவது சுமார் 40 செ.மீ., இரு பக்கமும் 8 அங்குலம் என்பது வழக்கமான அளவு. கனடாவில் முன்பக்கம் 18 அங்குலம், சுமார் 45 செ.மீ. அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதி, செங்கல் கணப்பின் வாய் 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் முன்னால் 16, பக்கத்தில் 8 அங்குலம் கேட்கிறது. 6 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் 20, 12 அங்குலம். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் கதவு மூடி எரிக்கும் அடுப்புக்கு முன்னால் 225 மி.மீ., கதவு திறந்தும் எரிக்கக்கூடியதற்கு 300 மி.மீ. என்று பிரிக்கிறது. தளத்தின் தடிமனுக்கும் அங்கே ஒரு கோடு உண்டு: அடுப்பு தளத்தை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காது என்று சோதனையில் நிரூபித்திருந்தால் 12 மி.மீ. பலகை போதும், இல்லையென்றால் 125 மி.மீ. தடிமனில் கட்டிய தளம் வேண்டும்.

அளக்கும் இடத்தில் கவனம் வேண்டும். சுவரிலிருந்தோ, அடுப்பைச் சுற்றியிருக்கும் இரும்புச் சட்டத்திலிருந்தோ அளக்காதீர்கள். விறகு போடும் வாயிலிருந்து அளக்கச் சொல்கிறதா, கதவின் கண்ணாடியிலிருந்தா என்று கையேட்டின் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒரு அங்குலம் பிசகினால் கட்டடச் சோதனைக்கு வருபவர் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்புவது நியாயமும்கூட.

எங்கள் கணப்பின் மேடை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. அப்போதும் கீழே இருக்கும் மரத்தரைக்குக் காப்பு வேண்டுமா?

வெப்பத்தைப் பொறுத்தவரை உயரம் உங்களுக்குச் சாதகம். அடுப்பின் அடிப்பாகம் மரத்தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காப்பின் அளவைக் குறைத்துக் காட்டும் அட்டவணை பல கையேடுகளில் உண்டு. கணப்பின் எரிதளம் முன்தளத்தைவிட 8 அங்குலமாவது உயர்ந்திருந்தால், முன்தளத்தின் தடிமன் 2 அங்குலத்துக்குப் பதில் எட்டில் மூன்று அங்குலம் போதும் என்று மேலே சொன்ன அமெரிக்க விதியே சலுகை தருகிறது.

கங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மேடை ஒரு அடி உயரம், ஆனால் முன்பக்கம் 30 செ.மீ. ஆழம்தான் என்றால், உருளும் கங்கு விளிம்பைத் தாண்டிக் கீழே குதிக்கும். கீழே கம்பளம் இருந்தால் நேராக அதன் மேல்தான். கிடைமட்டத் தூரம் மேடையிலேயே நிறைவேறவில்லை என்றால், மீதித் தூரத்துக்குக் கீழ்த்தரையிலும் எரியாத பரப்பு போட வேண்டும்.

கையேட்டில் ஆர் மதிப்பு, கே மதிப்பு என்று எழுதியிருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

பயப்பட வேண்டாம், வகுத்தலும் கூட்டலும் தெரிந்தால் போதும். ஆர் மதிப்பு என்பது ஒரு அடுக்கு வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. அதிகமாக இருந்தால் நல்லது. கே மதிப்பு என்பது ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற அளவு. குறைவாக இருந்தால் நல்லது. அங்குலக் கணக்கில், தடிமனைக் கே மதிப்பால் வகுத்தால் ஆர் கிடைக்கும். அடுக்கடுக்காக வைத்தால் ஆர் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

கையேடு "கே 0.84 உள்ள பொருள் 1 அங்குலத் தடிமனில்" என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1-ஐ 0.84-ஆல் வகுத்தால் 1.19. உங்கள் அடுக்குகளின் கூட்டுத்தொகை 1.19-க்குக் குறையக் கூடாது.

அரை அங்குல சிமென்ட் போர்டு ஒன்று, தயாரிப்பைப் பொறுத்து, சுமார் 0.2 முதல் 0.4 வரை தரும். 0.26 என்று எடுத்தால் இரண்டு அடுக்குக்கு 0.52. மேலே ஒட்டும் டைல்ஸ் தருவது சொற்பம்; கணக்கில் சேர்க்காமலே விடலாம். ஆக, இரண்டு சிமென்ட் போர்டும் டைல்ஸும் போட்டால் தேவையில் பாதிகூட வரவில்லை. அடியில் ஒரு சிமென்ட் போர்டை எடுத்துவிட்டு, அரை அங்குலக் கனிம நார்ப் பலகை வைத்தால் அது மட்டுமே சுமார் 1.1 தரும். ஒரு சிமென்ட் போர்டோடு சேர்த்து 1.36. வேலை முடிந்தது.

இன்னொரு வியப்பு: 4 அங்குலச் செங்கல் தருவது சுமார் 0.8 மட்டுமே. கனமாக இருப்பது வெப்பத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது. செங்கல் சூட்டை வாங்கித் தேக்கி வைக்கும், மெல்லக் கீழேயும் அனுப்பும். லேசான நார்ப் பலகைதான் தடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆர் மதிப்பில் அங்குலக் கணக்கும் மெட்ரிக் கணக்கும் வேறு வேறு. மெட்ரிக் எண்ணை 5.68-ஆல் பெருக்கினால்தான் அங்குலக் கணக்கின் எண் வரும். ஒரு பலகையின் விவரத்தாளில் 0.2 என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுமுன் எந்த அலகு என்று பாருங்கள். நான் சேர்த்துச் சொன்ன எண்களும் உதாரணத்துக்குத்தான். நீங்கள் வாங்கும் பலகையின் விவரத்தாளில் அச்சிட்டிருப்பதே கணக்கில் செல்லும்.

அடுக்குகளுக்கு எந்தப் பொருள் ஆகும், எது ஆகாது?

சிமென்ட் போர்டு, கால்சியம் சிலிக்கேட் பலகை, கனிம நார்ப் பலகை, பீங்கான் நார்ப் பலகை ஆகியவை அடி அடுக்குக்கு ஆகும். நார்ப் பலகைகள் மென்மையானவை. அதன் மேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் ஆள் நடக்கும்போது அமுங்கி, டைல்ஸ் இடுக்குச் சாந்து வெடிக்கும். அதனால் நார்ப் பலகை கீழே, சிமென்ட் போர்டு அதன் மேல், டைல்ஸ் அதற்கும் மேல் என்று வரிசை வையுங்கள்.

ஜிப்சம் போர்டு ஆகாது. மேலும் கீழும் காகிதம், தொடர் சூட்டில் உள்ளிருக்கும் நீர் வெளியேறி மாவாகும். சுவரில் தீத்தடுப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்பார்கள். அங்கே அது ஒருமுறை வரும் தீயை ஒரு மணி நேரம் தாமதப்படுத்துகிறது. இங்கே தினமும் வேக வேண்டியிருக்கும். நார் கலந்த சிமென்ட் போர்டுகளில் சிலவற்றில் மரக்கூழ் இருக்கும். பெயரில் சிமென்ட் இருப்பதால் எரியாதது என்று அர்த்தமில்லை. ஏ.எஸ்.டி.எம். ஈ 136 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் எரியாத பொருள் என்று தேறியதா என்பதை விவரத்தாளில் பாருங்கள். அந்தச் சோதனையில் பொருளின் துண்டை 750 டிகிரி செல்சியஸ் உலைக்குள் வைக்கிறார்கள்.

மேற்பரப்புக்குப் போர்சலின் டைல்ஸ், ஸ்லேட், செங்கல், கிரானைட் என எது பிடிக்கிறதோ அது. கிரானைட்டை ஒரே பெரிய பலகையாகப் போட ஆசை வரும், பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருக்கும் பெரிய பலகை விரிசல் விடலாம். இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் பதித்தால் அந்தத் தலைவலி குறையும். வெள்ளைப் பளிங்கு வேண்டாம் என்பேன். கரியும் சாம்பலும் படும் இடத்தில் அதைத் துடைத்தே ஆயுள் போய்விடும்.

முன்தளத்தைச் சுற்றி மரச்சட்டம் வைத்து அழகுபடுத்துவது வழக்கம். அந்தச் சட்டம் எரியும் பொருள். கையேடு சொன்ன 40 செ.மீ.க்கு வெளியேதான் அது நிற்க வேண்டும். சட்டத்தையும் சேர்த்து 40 வந்தது என்று சொல்லக் கூடாது.

இருக்கும் முன்தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே போய்ப் பாருங்கள். வேலையில் மிக முக்கியமான பத்து நிமிடம் இதுதான், அதிகம் பேர் தவிர்ப்பதும் இதைத்தான்.

நிலவறையோ தரைக்கடியில் தவழும் இடமோ இருந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு கணப்புக்கு நேர் கீழே பாருங்கள். கான்கிரீட்டோ செங்கல் வளைவோ தெரிந்தால் நல்லது. பலகை தெரிந்தால் யோசிக்க வேண்டும். பழைய வீடுகளில் முன்தளத்துக்குக் கான்கிரீட் கொட்ட மரச்சாரம் அடித்து, வேலை முடிந்த பிறகு அதைப் பிரிக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். அந்தப் பலகைகளைப் பிரித்தெடுத்துவிட வேண்டும் என்பதே விதி. கைவிளக்கு வெளிச்சத்தில் மரத்தில் பழுப்போ கருப்போ தெரிந்தால், பழைய நெருப்பே அதுவரை சூட்டை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே புதிய அடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

அடியில் போக வழியில்லையென்றால், விளிம்பு ஓரத்தில் ஒரு டைல்ஸைக் கழற்றி அடுக்குகளைப் பார்க்கலாம். தட்டிப் பார்த்து "கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ப்ளைவுட் மேல் இரண்டு அங்குலச் சாந்து இருந்தாலும் சத்தம் கெட்டியாகத்தான் கேட்கும்.

கணப்பின் உள்தளமும் முன்தளமும் சேரும் இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. அடைக்க வேண்டுமா?

கட்டாயம். வீடு உட்காரும்போது முன்தளம் கணப்பிலிருந்து சற்று விலகும். அங்கே ஒரு நூல் இடைவெளி விழும். தணல் பொடி அந்தச் சந்தில் இறங்கினால் நேராக மர விட்டத்தின் பக்கத்தில் போய் உட்காரும். பழைய சாந்தைச் சுரண்டி, தூசி ஊதி, உயர்வெப்பச் சாந்தால் அடையுங்கள். சிலிகான் வேண்டாம். அடுப்பை உள்ளே தள்ளிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது, ஆகவே முன்பே செய்துவிடுங்கள்.

இதே நேரத்தில் எரிதளத்தில் சாம்பல் கொட்டும் இரும்பு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் சாம்பல் குழி இருந்தால் அதைக் காலி செய்து, மூடியைச் சாந்து வைத்து நிரந்தரமாக மூடுங்கள். இன்செர்ட் வந்த பிறகு அந்தக் குழிக்கு வேலையில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது செங்கல் கணப்பு இல்லை, தொழிற்சாலையில் செய்த தகரக் கணப்பு. அதில் வைக்கலாமா?

அந்தக் கணப்பின் தயாரிப்பாளரும் இன்செர்ட்டின் தயாரிப்பாளரும் இருவருமே எழுத்தில் அனுமதித்திருந்தால் மட்டும். இந்த வகைக் கணப்பைச் சுற்றி மரச்சட்டம் மிக நெருக்கமாக நிற்கும். அடியிலும் பெரும்பாலும் ப்ளைவுட்தான். அதன் தரைத்தகட்டை வெட்டினாலோ பழைய சான்று செல்லாது. அனுமதி இல்லையென்றால் முழுக் கணப்பையும் மாற்றுவது பற்றி யோசியுங்கள். இடைவழி கிடையாது.

வீடு முழுக்கக் கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். ஏதாவது செய்ய வேண்டுமா?

அடியில் மரமே இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். கம்பளமோ லேமினேட்டோ மேலே போட்டிருந்தால் அதைத் தேவையான தூரத்துக்கு வெட்டியெடுங்கள்.

காப்புத் தளத்துக்கு வெளியே இருக்கும் மரத்தரை, லேமினேட், வினைல் எல்லாம் தாங்குமா?

தீப்பிடிக்காது என்ற அளவில் தாங்கும். கெட்டுப்போகாது என்று சொல்ல முடியாது. கையேட்டின் அளவுகள் தீயைத் தடுக்கக் கணக்கிட்டவை, உங்கள் தரையின் அழகைக் காக்க அல்ல.

கெட்டி மரத்தரை குளிர்காலம் முழுக்கக் காய்ந்து சுருங்கும், அடுப்பின் எதிரே பலகைகளுக்கு இடையே சந்து விழும். கோடையில் ஈரம் ஏறிப் பாதி மூடிக்கொள்ளும். லேமினேட் விளிம்பில் மேலெழும். இவற்றில் மோசமானது வினைல். பல வினைல் தரைகளுக்குத் தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு 30 டிகிரி செல்சியஸுக்குள்தான். பெரிய கண்ணாடிக் கதவுக்கு எதிரே வெயில்போல அடிக்கும் வெப்பத்தில் அதை எளிதாகத் தாண்டிவிடும். நிறம் மங்கும், இணைப்பு பிளக்கும். வினைல் இருக்கும் அறையில், கையேடு 40 செ.மீ. சொன்னால் நான் 80 போடச் சொல்வேன். இடம் இருந்தால் ஒரு மீட்டர்.

கல்தளமும் மரத்தரையும் சேரும் இடத்தில் மரம் விரிய இடைவெளி விடுங்கள். அதன் மேல் உலோகப் பட்டை வைத்து மூடினால் சாம்பல் இறங்காது.

தீத்தடுப்புக் கம்பளம் என்று விற்கிறார்களே, அதைப் போட்டால் போதாதா?

போதாது. தெறிக்கும் ஒற்றைப் பொறியை அது தாங்கும். உருண்டு வந்து அரை மணி நேரம் கிடக்கும் தணலை, அடியில் மரம் வைத்துக்கொண்டு, அதன் பொறுப்பில் விட முடியாது. சட்டம் கேட்கும் காப்பைப் போட்டு முடித்த பிறகு, அதற்கு வெளியே கூடுதலாக விரித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பை உள்ளே கொண்டு வரும் நாளில் தரையில் கீறல் விழாமல் எப்படிக் காப்பது?

இன்செர்ட் ஒன்று சாதாரணமாக 150 முதல் 250 கிலோ. முதலில் அதன் கனத்தைக் குறையுங்கள். கதவைக் கழற்றி, உள்ளே இருக்கும் தீச்செங்கற்களை எடுத்து, எந்தக் கல் எந்த இடம் என்று ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். இதிலேயே கணிசமான எடை குறையும். பெட்டியின் அடியில் திருகியிருக்கும் மரச்சட்டத்தைக் கடைசி நிமிடம் வரை கழற்றாதீர்கள். அது இருக்கும் வரை இரும்பு தரையைத் தொடாது.

வழியை முதலில் பெருக்குங்கள், பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். பலகையை விரித்துவிட்டால் போதும் என்று நினைத்து இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அடியில் சிக்கிய ஒரு மணல்துகள், 200 கிலோ அழுத்தத்தில், வார்னிஷை உளிபோலக் கிழிக்கும். மெல்லிய போர்வையோ நுரைத்தாளோ விரித்து, அதன் மேல் 12 மி.மீ. அல்லது 18 மி.மீ. ப்ளைவுட் பலகைகளை வாசலிலிருந்து கணப்பு வரை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போடுங்கள். இரண்டு பலகை மட்டும் இருந்தால் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டு நகர்த்திக்கொண்டே போகலாம், ஆனால் ஆட்களுக்குப் பொறுமை போய்விடும். முழு வழிக்கும் வாங்கிவிடுவது மேல். பலகைகளை ஒன்றோடொன்று டேப் போட்டு இணையுங்கள். டேப்பை மரத்தரையில் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது மெருகும் சேர்ந்து வரும். புதிதாக வார்னிஷ் அடித்த தரையில் இன்னும் மோசம்.

தள்ளுவண்டியின் சக்கரம் சின்னதாகவும் கெட்டியாகவும் இருந்தால் முழு எடையும் நாலு புள்ளியில் இறங்கும். டைல்ஸ் தரையில் அடியில் பொள்ளல் இருந்தால் அங்கேதான் வெடிக்கும். ப்ளைவுட் அந்த எடையைப் பரப்பிக்கொடுக்கும். இரும்புப் பெட்டியை மேடைமேல் ஏற்றும்போது மேடையின் முன்விளிம்புதான் முதலில் உடையும். அங்கே தடித்த பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் சறுக்கி ஏற்றுங்கள்.

உள்ளே போன பிறகு மட்டத் திருகுகள் இருக்கின்றன. அடுப்பைச் சமன் செய்ய மூலைக்கு ஒன்றாக வைத்திருக்கும் அந்தத் திருகுகளின் நுனி விரல் அகலம்தான். நேராக டைல்ஸில் ஊன்றினால் டைல்ஸ் பிளக்கும். ஒவ்வொரு திருகுக்கும் அடியில் உள்ளங்கை அளவு தடித்த எஃகுத் துண்டு வையுங்கள்.

கரிக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யும்போது இறங்கும் கரி நுண்ணியது, மரத்தின் துளைக்குள் போய்விட்டால் துடைத்து எடுக்க முடியாது. வெறும் பிளாஸ்டிக் தாள் வழுக்கும். அதன் மேல் தடித்த கேன்வாஸ் துணி விரியுங்கள். வேலை முடிந்ததும் துணியை உதறாமல் உள்நோக்கி மடித்து வெளியே எடுத்துச் செல்லுங்கள். உயர்வெப்பச் சாந்து சிந்தினால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

பழைய முன்தளத்தை உடைத்தெடுக்கப் போகிறோம். கவனிக்க ஏதாவது உண்டா?

அஸ்பெஸ்டாஸ். பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் அடுப்புக்கு அடியில் சாம்பல் நிற அட்டைபோல ஒரு பலகையோ, 9 அங்குலச் சதுரப் பழைய தரை ஓடுகளோ, அவற்றின் கருப்புப் பசையோ இருந்தால் கை வைக்காமல் சோதனைக்கு அனுப்புங்கள். உடைக்காமல் மேலே மூடிவிடுவதே பல நேரம் பாதுகாப்பான வழி. தட்டி நொறுக்கிக் கூட்டிப் பெருக்குவதுதான் இருப்பதிலேயே மோசமானது.

எல்லாம் முடிந்தது. காப்பு வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதல் இரண்டு மூன்று நெருப்புகளைச் சின்னதாக மூட்டுங்கள். அடுப்பின் பெயின்ட் வேகும் வாடை அப்போது வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த வாடை போன பிறகு ஒரு நாள் மூன்று நான்கு மணி நேரம் முழு வேகத்தில் எரித்து, அகச்சிவப்பு வெப்பமானியால் கல்தளம் முடியும் விளிம்பையும் அதை ஒட்டிய மரத்தையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். மரத்திலும் டைல்ஸிலும் நம்பலாம். மரம் 50 டிகிரியைத் தாண்டினால் நான் காப்பை நீட்டுவேன். கீழே போக வழி இருந்தால் அடிப்பக்கத்தையும் அளந்து, எண்களை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் கூடியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது.

சில மாதம் கழித்து, பெயின்ட் வாடை இல்லாமல், கருகிய மரத்தின் இனிப்பான வாடை வந்தால் அடுப்பை அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சாம்பலை எங்கே வைப்பது?

மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, எரியாத தளத்தின் மேல். சாம்பலுக்குள் புதைந்த தணல் நாலு நாள்வரை கூட உயிரோடு இருக்கும். தளத்துக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு, சாம்பல் வாளியை இரண்டடி தள்ளி மரத்தரையில் இறக்கி வைத்த வீட்டில் வட்டமாகக் கருகிய தடத்தைப் பார்த்திருக்கிறேன். வாளியின் அடிப்பாகம் சுடும் என்பது அவர்களுக்கு நினைவே வரவில்லை. குட்டைக் கால் வைத்த வாளியாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதும் அதைக் கல்தளத்தைத் தாண்டி உள்ளே எங்கும் வைக்காதீர்கள்.